பர்னாந்து ஏறாத மலை

கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழைநீரெல்லாம் கோமுகியாகவும் மணிமுத்தாநதியாகவும் திரண்டு, கள்ளக்குறிச்சிச் சீமையின் கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்ந்தது போக எஞ்சியது விருத்தாசலத்தைக் கடந்து, திருக்கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சங்கமித்து, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அதே மலைத்தொடரிலிருந்து ஆத்தூர்ப் பக்கமாக இறங்கும் வசிஷ்ட நதியும் வெள்ளாற்றுக்கே தன் நீரைக் கொடுப்பதால், இம்மலைப் பிரதேசத்துக்குக் கடல்வாசல் என்று ஒன்று உண்டெனில் அது பரங்கிப்பேட்டையே ஆகும். அந்தத் துறைக்குப் ‘போர்ட்டோ நோவோ’ என்று பெயரிட்டு வழங்கியவர்கள் போர்த்துக்கீசியர். செஞ்சி நாயக்கர்கள் இச்சீமையை ஆண்ட காலத்தில், பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவர்கள் அங்கே குடியேறினர். அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் நிக்கோலாவு பிமெந்தா என்னும் இயேசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு, வெள்ளாற்று முகத்துவாரத்தருகே நாயக்கர் எழுப்பிக்கொண்டிருந்த புதிய பட்டணத்தில் கோயில் கட்ட அனுமதியும் பெற்றார்.

ஆகவே ஆற்றின் கடைவாயில் பறங்கியர் இருந்தனர். ஆற்றின் தலைப்பில் மலையும் மலையடிவாரத்து ஊர்களும் இருந்தன. இடையே சமவெளியில் கிறிஸ்தவம் வேரூன்றாமலும் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூர், ஜெபமாலை மாதாவின் கோயிலால் பிரசித்தி பெற்ற பழைய கத்தோலிக்க ஊர். ஆனால் அங்கும், சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வழங்கும் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்: இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், ஆரோக்கியசாமி, சவரிமுத்து, அந்தோணியம்மாள். பர்னாந்து என்று ஒருவர் அவ்வூர்களுக்கு வந்தாரானால், அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து உத்தியோகமாற்றம் பெற்று வந்த ஆசிரியராகவோ வங்கி அலுவலராகவோதான் இருக்கக்கூடும் என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். கடற்கரை நெடுகப் பல்லாயிரம் குடும்பங்கள் தாங்கி நிற்கும் ஒரு வம்சப்பெயர், கரையிலிருந்து சில காத தூரம் உள்ளே வந்ததும் இப்படி அடியோடு மறைந்துபோவது ஏன் என்னும் வினா, வெறும் பெயர் ஆராய்ச்சியோடு முடிகிற வினாவன்று.

முதலில் அப்பெயரின் ஜனன விருத்தாந்தம். ஐந்தாம் நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்துள் புகுந்து அரசு நிறுவிய விசிகோத்தியர் என்னும் ஜெர்மானிய இனத்தாரின் சொற்கள் இரண்டு கூடி அமைந்தது ‘பெர்னாண்டோ’. பின்பாதிக்குத் துணிவு என்பது பொருள் என்பதில் பண்டிதர்களுக்குள் பேதமில்லை. முன்பாதி பயணமா சமாதானமா என்பதில்தான் அபிப்பிராய பேதம். காஸ்தீல், அராகோன் முதலிய ராஜ்யங்களின் அரசர் பலர் இந்நாமம் தரித்தமையால் அது பிரபுக்களிடமும், பிரபுக்களிடமிருந்து குடியானவர்களிடமும் பரவியது. பூமியைச் சுற்றி வரும் முதல் கப்பற்பயணத்தைத் தலைமை தாங்கிப் புறப்பட்ட மகல்லனின் பெயரும், பெர்னாவு என்று சுருங்கி வழங்கினும், இதுவேதான். தந்தையின் பெயரோடு விகுதி சேர்த்து மகனுக்குக் குடும்பப் பெயராக்கும் வழக்கப்படி, போர்த்துக்கல்லில் ‘பெர்னாண்டஸ்’ பிறந்தது. கோவாவிலும் மங்களூரிலும் பெருகியிருப்பது அந்த விகுதி பெற்ற வடிவம். முத்துக்குளித்துறைக் கரையிலும் இலங்கையிலும் நிலைபெற்றதோ விகுதியில்லாத மூலப்பெயர். தமிழர் வாயில் அது பர்னாந்து, பர்னாண்டோ, பெர்னாண்டோ எனப் பலவாறு உருண்டது. இன்னொரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 1195ஆம் ஆண்டளவில் லிஸ்பன் நகரில் பிறந்து, பின்னர்ப் பதுவா நகரின் பெயரோடு சேர்த்து உலகம் அறிந்த புனித அந்தோணியாருக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் பெர்னாண்டோ. துறவு பூண்ட பின்பே அவர் அந்தோணி ஆனார். செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நம் நாட்டு மக்கள், அறியாமலே ஒரு பெர்னாண்டோவைத்தான் வணங்குகிறார்கள்.

அப்பெயர் தமிழ்க் கரையில் இறங்கிய விதம் சரித்திரத்தில் நன்கு பதிவாகியுள்ளது. கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரை நீண்ட முத்துக்குளித்துறையில் பரதவர்கள் தொன்றுதொட்டு முத்துக்குளித்தலையும் மீன்பிடித்தலையும் ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள். பதினாறாம் நூற்றாண்டின் முப்பதுகளில் அத்தொழிலில் அவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் மூண்ட பகைமை, கொலையும் பழியுமாக வளர்ந்தது. அந்த நெருக்கடியான வேளையில் அக்கரைப் பக்கம் குதிரை வியாபாரம் செய்துகொண்டு வந்து சேர்ந்தவன் ஜுவாவு த குரூஸ். இவன் பறங்கியனல்லன், கோழிக்கோட்டு சாமூதிரி மன்னர் 1513இல் போர்த்துக்கல் அரசவைக்கு அனுப்பிய மலையாள நாட்டு வாலிபன், லிஸ்பனில் ஞானஸ்நானம் பெற்று, வீரப்பட்டமும் பெற்று, திரும்பி வந்து வியாபாரத்தில் இறங்கியவன். ‘கொச்சிக்குப் போய்ப் பறங்கியரிடம் அடைக்கலம் கேளுங்கள், அதற்கு விலை அவர்களுடைய மார்க்கத்தில் சேர்வதுதான்’ என்னும் கருத்துப்படப் பரதவர் தலைவர்களுக்கு அவன் சொன்ன யோசனை, ஒரு ஜாதியின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. பட்டங்கட்டிமார் எனப்பட்ட அத்தலைவர்கள் கொச்சிக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களைத் தொடர்ந்து பாதிரிமார் கரைக்கு வந்து, 1537க்குள் ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோரைக் கிறிஸ்தவர்களாக்கினர்.

ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றவர்களுக்குப் புதுப்பெயர் வேண்டும். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்பவர் தம் பெயரைக் கொடுப்பது போர்த்துக்கீசிய வழக்கம். இங்கே ஞானத்தகப்பன்மாராக நின்றவர்கள் பெரும்பாலும் கப்பல் தலைவர்களும், சிப்பாய்களும், வணிகர்களும். அவர்களுடைய பெயர்களே பர்னாந்து, பெரேரா, கோமஸ், மோத்தா, மச்சாது, ரோச், கொரைரா, மிராந்தா, ரொட்ரிகோ, வாஸ், தல்மெய்தா என்று அக்கரையில் தங்கின. பரதவர் தலைவரே குதிரை வியாபாரியின் பெயரான ‘த குரூஸ்’ என்பதை ஏற்றுக்கொண்டார் என்பது அச்சமூகத்தின் மரபு. இந்த அடிப்படையைச் சற்று ஊன்றிக் கவனித்தால், பர்னாந்து என்ற பெயரைக் கண்டவுடன் ‘பறங்கி இரத்தம்’ என்று முடிவு கட்டிவிடும் சிலருடைய பேச்சு எவ்வளவு அற்பமானது என்பது தெளிவாகும். பெயர் கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையே இருந்தது சாட்சி நின்ற சம்பந்தம், ஜனன சம்பந்தமன்று.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாயிருந்த இம்மக்களுக்குப் பிரார்த்தனை ஒன்றேனும் தெரிந்திருக்கவில்லை. அவரும், அவருக்குப் பின் புன்னைக்காயலில் அரை நூற்றாண்டு தங்கி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட அன்றீக்கே அடிகளாரும் சமயத்தைப் போதித்தார்கள். பெயர் அதற்கு முன்னரே வந்து அமர்ந்துவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்துகொண்ட உடன்படிக்கையின் முத்திரை அது. ஒருவன் தன்னைப் பர்னாந்து என்று சொல்லிக்கொண்டால், அவன் மேல் கைவைப்பவன் போர்த்துக்கல் அரசனின் கப்பற்படைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அந்நாளில் அதன் பொருள். பரதவர் தலைவர்களோ தங்கள் பழைய அதிகாரத்தில் ஒரு துளியும் இழக்காமல், ஜாதித்தலைவர், பட்டங்கட்டி என்னும் பதவிகளின் மேல் ‘தோம்’ என்ற பறங்கிக் கௌரவத்தையும் ஏற்றிக்கொண்டார்கள்.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிப் போர்த்துக்கீசியரை விரட்டிய பிறகு, காவல் கொடுத்த கப்பற்படை போயிற்று, பெயர் போகவில்லை. ஒல்லாந்தர் எவ்வளவோ முயன்றும் பரதவர்கள் புராட்டஸ்டண்டு மதத்துக்கு மாறவில்லை. அரசன் கொடுத்த முத்திரை, இப்போது ஜாதியின் சொந்த அடையாளமாகிவிட்டிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1806இல், தூத்துக்குடியின் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செய்து ஓட்டிய ஜாதித்தலைவர் தோம் கபிரியேல் த குரூஸ் வாஸ் கோமஸ் தம் பெயரில் மூன்று போர்த்துக்கீசியக் குடும்பங்களைச் சுமந்ததோடு, பாண்டியபதி என்ற விருதையும் விடாமல் வைத்திருந்தார். பாண்டியன் வழிவந்த உரிமையும் லிஸ்பன் வழிவந்த பெயரும் ஒரே மனிதரிடம் சச்சரவின்றிக் குடியிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தூத்துக்குடி நகரசபைத் தலைவராயிருந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்துவின் பெயரை இன்றும் அவ்வூரார் நன்றியோடு சொல்லுகிறார்கள். அந்தப் பெயரில் அவர்கள் காதுக்கு அந்நிய ஓசை எதுவும் படுவதில்லை.

மன்னார்க் கடலின் மறுகரையிலும் இதே கதை, இன்னும் விரிவாக நடந்தது. இலங்கையின் கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று தோம் ஜுவாவு ஆனான். நீர்கொழும்பு, சிலாபம், கொழும்பு, மொறட்டுவைக் கரைகளில் கரையார் என்னும் கடலோடிகளும் அந்நூற்றாண்டிலே திரளாகக் கிறிஸ்தவராயினர். அங்கே பர்னாந்து, பெரேரா, சில்வா, பீரிஸ், மெண்டிஸ் முதலியன பழைய சிங்கள வம்ச நாமங்களின் பின்னே ஒட்டிக்கொண்டன. வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்று நீண்டு வந்து பர்னாந்துவில் முடியும் பெயர்கள் நீர்கொழும்பில் ஏராளம். ‘பட்டபெந்திகே’ என்று தொடங்குவனவும் உண்டு. பட்டம் கட்டப்பட்டவரின் குடும்பம் என்பதைக் குறிக்கும் அதுவும் நம் பட்டங்கட்டியும் ஒரே பதவியின் இருகரை வடிவங்கள். பின்னர் வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மதத்தை மாற்றினார்கள். சிலர் பௌத்தத்துக்குத் திரும்பினார்கள். வீட்டில் தமிழ் பேசிய கிராமங்கள் சில, பள்ளிக்கூடத்தின் வழியே சிங்களத்துக்கு மாறின. மதமும் மொழியும் மாறிய வீடுகளிலும் பர்னாந்து மாறவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சென்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் வியாபாரத்தால் செழித்த பரதவர்கள், 2001ஆம் ஆண்டின் இலங்கைக் குடிமதிப்பில் பரத இனத்தவர் என்று தனியாகவே எண்ணப்பட்டனர். அவர்களிலும் பர்னாந்துகளுக்குக் குறைவில்லை.

இத்தனை தூரம் கடல் கடந்து பரவிய பெயர், மதுரைக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டது என்பதுதான் இக்கதையில் நான் மிகவும் ரசிக்கும் பகுதி. அந்த வாசலில் நின்றவரின் பெயரும் பெர்னாண்டஸ்தான்! முன்னாள் சிப்பாயும் போர்த்துக்கீசியருமான கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபைப் பாதிரியார் 1595 முதல் மதுரையில் தங்கி, வியாபார நிமித்தமாக அங்கே வந்து போன பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் செய்துவந்தார். பதினோராண்டு உழைத்தும் உள்நாட்டார் ஒருவரையும் அவரால் மனந்திருப்ப இயலவில்லை. காரணம் எளிது. அவர் கூறிய மார்க்கம் உள்நாட்டார் கண்ணுக்குப் ‘பறங்கிக் குலம்’. அதில் சேர்வது மாட்டிறைச்சி தின்று, மது அருந்தி, ஆசாரம் கெட்டு, கடற்கரைப் பறங்கியனின் பெயரையும் தலையில் சூட்டிக்கொள்வது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நோபிலி, இந்த முடிச்சை ஒரே நோக்கில் கண்டுகொண்டார். காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, ‘நான் பறங்கியன் அல்லேன்’ என்று ஓலையில் எழுதி அறிவித்து, தத்துவ போதகர் என்னும் திருநாமத்தோடு அவர் போதித்தபோது உயர்குலத்தாரும் கேட்க வந்தனர். வயோதிகரான பெர்னாண்டஸ் இதைக் கண்டு மனம் வெதும்பி, 1610இல் மேலிடத்துக்கு நீண்ட புகார் எழுதினார். வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் சென்று, 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் நோபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். பெர்னாண்டஸைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் பெயரைத் தாங்கிய ஒரு சமூகம் முழுவதையும் தமக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரே இழிவு என்று பக்கத்து வீட்டுச் சந்நியாசி சொல்லக் கேட்டுச் சும்மா இருப்பது யாருக்குத்தான் சாத்தியம்?

தீர்ப்பு வந்த அதே ஆண்டில் நோபிலி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். சேலத்திலிருந்து கிழக்கே நோக்கினால் தெரியும் மலைத்தொடர்களில் கல்வராயனும் ஒன்று. இவ்வாறு இச்சீமையின் மேற்குப் புறமாகக் கிறிஸ்தவம் நுழைந்தபோது, அது பறங்கிப்பெயரைத் துறந்துவிட்டே நுழைந்தது. பின் வந்தவர்களும் அந்த நியமத்தைக் கைவிடவில்லை. லிஸ்பனில் பிரபு குலத்தில் பிறந்து, 1674இல் செஞ்சிச் சீமைப் பக்கம் தம் ஊழியத்தைத் தொடங்கிய ஜான் தெ பிரித்தோ அருளானந்தர் ஆனார். மணிமுத்தாநதி தழுவும் விருத்தாசலத்துக்கு அணித்தான கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எடுத்த பெஸ்கி வீரமாமுனிவர் ஆனார். போதிப்பவனே தன் குடும்பப்பெயரைக் களைந்து வைத்துவிட்டு நிற்கையில், கேட்பவனுக்குக் கொடுக்க அவனிடம் பறங்கிப்பெயர் ஏது? பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் தமிழாக்கிச் சூட்டினார்கள். வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் சூசையப்பருக்கே வளன் என்று பெயரிட்டார். எறையூர் முதலான ஊர்களின் ஞானஸ்நானப் பெயர்கள் இந்த வழியில் வந்தவை.

இனி மலை மேலே. கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடபாதி சின்னக் கல்வராயன், தென்பாதி பெரிய கல்வராயன். அங்கே வாழ்பவர்கள் மலையாளிகள். பெயரைக் கண்டு கேரள நாட்டார் என்று மயங்கற்க; அவர்கள் மலையை ஆளுபவர் என்ற பொருளில் வழங்கும் தமிழ்ப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்களுடைய குல ஐதீகம். சாமானியரும் தலைவரும் ஒருங்கே பெயரின் பின்னே கவுண்டன் என்று சேர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். மலையை மூன்றாகப் பகுத்து ஆண்ட ஜாகீர்தார்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனப்பட்டனர். ஆட்கள் மாறினும் இப்பெயர்கள் அந்தந்த ஜாகீரின் பெயராகவே நின்றன. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை இது என்று சொல்லி வந்த அந்த ஜாகீர்கள், நாடு சுதந்தரம் பெற்ற பின்னும் நீடித்து, 1976இல்தான் அரசாங்கத்தின் வசமாயின.

கடற்கரையில் ஜாதித்தலைவருக்கு ‘தோம்’ செய்த வேலையும், மலையில் ஜாகீர்தாருக்குச் சடையக் கவுண்டர் என்ற நாமம் செய்த வேலையும் ஏறக்குறைய ஒன்றே: ஆள்பவரின் அனுக்கிரகத்தைப் பெயரில் ஏற்றிப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது. அவ்வேலையைச் செய்யச் சொந்தப் பெயர் ஒன்று மலையிலே முன்பே இருந்தது. மலையாளிக்குக் கடலிலிருந்து காவல் தேவைப்படவில்லை. முத்துக்குளித்துறைபோலப் பறங்கியனின் பேராசையைத் தூண்டும் பொருளும் அங்கே அப்போது இல்லை. பிற்காலத்தில், 1830இல், பரங்கிப்பேட்டையில் ஜோசையா ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கிச் சேலத்து மலைகளின் இரும்புத்தாதுவை வரவழைத்து உருக்கினார். சேலத்து மலைகளுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் அப்போது வியாபார உறவு ஏற்பட்டது; அதற்குள் போர்த்துக்கீசியரின் காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது.

ஆனால் உள்நாடு ஐபீரியக் குடும்பப்பெயர் ஒன்றையும் ஏற்கவில்லை என்று நான் எழுதிவிட்டால், சவரிமுத்து என்னை விடமாட்டார். நவார் நாட்டில் சவியேர் என்னும் கோட்டையின் பெயர், அக்கோட்டைக்கு உரியவளான தாயின் வழியே பிரான்சிஸுக்குக் குடும்பப்பெயராயிற்று. அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது குடும்பப்பெயரே புனித நாமமாகிவிட, தமிழர் அதைச் சவேரியார் என்றும் சவரி என்றும் இழைத்துக்கொண்டு, முத்து, இராயன், அம்மாள் என்னும் தமிழ் விகுதிகளோடு பிணைத்துப் பிள்ளைகளுக்கு இட்டார்கள். கடற்கரை ஓர் ஆட்பெயரைக் குடும்பப்பெயராக்கிக்கொண்டது. கள்ளக்குறிச்சிச் சமவெளி ஒரு குடும்பப்பெயரை ஆட்பெயராக்கிக்கொண்டது. அதற்குமேல் நம் முதலெழுத்து வழக்கம் தன் கைவரிசையைக் காட்டியது: சவரிமுத்துவின் மகன் அருளப்பன், பள்ளிக்கூடப் பதிவேட்டில் ச. அருளப்பன், அவருடைய மகன் அ. சின்னப்பன். நவார் நாட்டுக் கோட்டை ஒரு தலைமுறைக்கு ஓர் எழுத்தாக நின்று, அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் கழன்று விடுகிறது. தூத்துக்குடியில் பர்னாந்துவின் பேரனும் பர்னாந்துவாகவே இருக்கிறான்.